வாசற்படியில் கிடந்தவர்

1640ஆம் ஆண்டு. ஆம்ஸ்டர்டாம் நகரத்து யூதர்களின் ஜெபாலயம். கூட்டம் நிரம்பி வழிகிறது. ஐம்பதைத் தாண்டிய ஒரு மனிதர் மேடையேறி, பிறர் எழுதிக் கொடுத்த தாளைப் பார்த்துத் தன் குற்றங்களைத் தானே வாசிக்கிறார். பிறகு இடுப்புவரை துணியைக் களைகிறார்கள். தூணில் கைகளைக் கட்டி 39 சவுக்கடி. விலக்கு நீக்கப்பட்டது என்று அறிவிப்பு. அதன் பிறகு அவர் வாசற்படியில் குறுக்கே படுத்துக்கொள்ள, கிழவர்கள் முதல் பொடியன்கள் வரை அவரைத் தாண்டிக்கொண்டு வெளியே போகிறார்கள். வீட்டுக்குப் போய் எல்லாவற்றையும் எழுதி வைத்துவிட்டு, அதே ஆண்டில் தன்னைத் தானே சுட்டுக்கொண்டு செத்துப்போனார். பெயர் யூரியல் ட கோஸ்டா.

இந்தக் காட்சிக்குச் சாட்சி அவருடைய லத்தீன் தன்வரலாறு. அதை 1687இல் அச்சேற்றியவர் லிம்போர்க் என்னும் கிறிஸ்தவ இறையியலாளர். அதில் எவ்வளவு ட கோஸ்டாவின் கை, எவ்வளவு பிறர் கை என்ற சர்ச்சை உண்டு. அந்தச் சர்ச்சை இப்போது வேண்டாம். என்னை உறுத்துவது வேறொன்று. இந்த மனுஷன் ஏன் திரும்பிப் போனார்?

ஏனென்றால் அவரைக் கட்டிப்போட அங்கே எந்தச் சங்கிலியும் இல்லை. ஜெபாலய நிர்வாகிகளிடம் போலீசு கிடையாது, கொலைக்களம் கிடையாது. அவர்கள் கையிலிருந்ததெல்லாம் 'ஹேரெம்' என்ற விலக்கு மட்டும்தான். நம்மூர் ஊர்விலக்கு மாதிரி: பேசக்கூடாது, கொடுக்கல் வாங்கல் கூடாது. நாலு தெரு தள்ளிப் போனால் ஊர் முழுக்கக் கிறிஸ்தவர்கள். போயிருக்கலாமே?

அவர் ஒன்றும் கோழை அல்ல. போர்ச்சுகலின் போர்ட்டோ நகரில், 1497இல் கட்டாய ஞானஸ்நானம் செய்யப்பட்ட யூதர்களின் வழியில் வந்த குடும்பம். கொயிம்ப்ராவில் திருச்சபைச் சட்டம் படித்து, தேவாலயம் ஒன்றில் பொருளாளர் பதவியும் வகித்தவர். பழைய ஏற்பாட்டைத் தானே படித்து மோசேயின் மார்க்கமே மெய் என்று முடிவுகட்டினார். பிடிபட்டால் மதவிசாரணைத் தீ. அப்படியிருந்தும் பதவியையும் வீட்டையும் விட்டுவிட்டு, தாயையும் தம்பிமாரையும் அழைத்துக்கொண்டு கப்பலேறினார்.

வந்து பார்த்தால், ஏட்டில் படித்த மார்க்கம் ஒன்று, தெருவில் நடக்கும் மார்க்கம் வேறொன்று. ரபிகளின் வாய்மொழி மரபு எதுவும் மோசேயின் நூலில் இல்லை என்று 1616இல் எழுதிக் கேள்வி கேட்டார். 1618இல் வெனிஸில் விலக்கு, 1623இல் ஆம்ஸ்டர்டாமில் விலக்கு. 1624இல் ஆன்மா அழிவற்றது என்பதை மறுத்துப் புத்தகம் போட்டார். நகர அதிகாரிகள் அவரைச் சில நாள் சிறையில் வைத்து, 300 கில்டர் அபராதம் விதித்து, புத்தகத்தைக் கொளுத்தினார்கள். (தப்பிய ஒரு பிரதி 1990இல்தான் கோபன்ஹேகன் நூலகத்தில் கிடைத்தது. கொளுத்துகிறவர்கள் எப்போதும் ஒன்றை விட்டுவிடுகிறார்கள்!) தம்பிமார் பேச்சை நிறுத்தினார்கள். தாய் மட்டும் கூட இருந்தாள். 1628இல் அவளும் போய்ச் சேர்ந்தாள்.

சுமார் பத்தாண்டுத் தனிமைக்குப் பிறகு பணிந்து போனார். நம்பிக்கை வந்து அல்ல; ஊரோடு ஒத்துப் போய்விடுவோம் என்றுதான். அந்நிய ஊர், நாட்டு பாஷையும் தெரியாது. ஆனால் உண்ணும் முறை சரியில்லை என்று சொந்தக்காரப் பையனே போட்டுக் கொடுத்தான். மறுபடி விலக்கு, ஏழு ஆண்டு. அதற்குப் பிறகுதான் அந்த வாசற்படி.

அதிகாரம் என்றால் லத்தி, துப்பாக்கி, ஜெயில் என்றே படித்து வளர்ந்தவர்கள் நாம். பிறகு அல்தூசர் வந்தார். கருத்தியல் நம்மை 'ஏய்' என்று கூப்பிடுகிறது, திரும்பிப் பார்க்கிற கணத்தில் நாம் தன்னிலைகளாகிறோம் என்றார். ட கோஸ்டாவுக்கு நேர்ந்தது அதன் மறுபக்கம். கூப்பிடுவது நின்றுபோனது. யாராவது பெயர் சொல்லிக் கூப்பிட மாட்டார்களா என்று ஏங்குகிறவன் எந்தத் தாளையும் வாசிப்பான்.

விலக்கியவர்களை அரக்கர்களாக்கி விடுவதும் சுலபம். அவர்களும் அகதிகள்தானே. பலர் போர்ச்சுகலில் கத்தோலிக்கராக நடித்துப் பிழைத்தவர்கள். யூதராக வாழ்வது எப்படி என்று நடுவயதில் கற்றுக்கொண்டவர்கள். கால்வினிய நகரமோ அவர்களை ஒரு கண் வைத்துப் பார்த்துக்கொண்டே இருந்தது. ஆன்மா அழியும் என்று தங்களுக்குள் ஒருவன் சொன்னால், எல்லோரையும் நாத்திகர் என்று துரத்திவிடுவார்களோ என்ற நடுக்கம். புதிதாகச் சேர்ந்தவனுக்குத்தான் எல்லைக்கோடு மேல் வெறி அதிகம். புதிதாக மாலை போட்டவனையும் புதிதாகக் கட்சிக்கு வந்தவனையும் பார்த்தவர்களுக்கு இது புரியும்.

பதினாறு வருஷம் கழித்து, 1656 ஜூலை 27 அன்று, அதே சமூகம் 23 வயது ஸ்பினோசாவை விலக்கியது. அவரிடமிருந்து நான்கு முழத்துக்குள் யாரும் போகக்கூடாது, அவர் எழுதியதைப் படிக்கக்கூடாது. அவர் திரும்பவே இல்லை. இதைச் சொல்லி ஸ்பினோசாவின் மன உறுதியை வியப்பது வழக்கம். உறுதி இருந்தது, சரி. ஆனால் லத்தீன் சொல்லிக்கொடுத்த வான் டென் எண்டன் இருந்தார். பாதிரிமார் இல்லாமல் கூடிப் பேசிய 'கொலீஜியன்ட்' நண்பர்கள் இருந்தார்கள். ஒரு கதவு அடைத்தபோது உட்காரத் திண்ணை இருந்தது. ட கோஸ்டாவுக்கு அந்தத் திண்ணை கிடைக்கவில்லை. ஒருவனை வீரன் என்றும் இன்னொருவனைக் கோழை என்றும் எழுதுகிற வரலாறு இந்தத் திண்ணையைக் கணக்கில் எடுப்பதில்லை.

மதத்தோடு முடிகிற சங்கதியா இது? 1929 நவம்பரில் புகாரின் தன் நிலைப்பாடு தவறு என்று எழுதிக் கொடுத்தார். 1938 மார்ச்சில் சுட்டுக் கொல்லப்பட்டார். கைதாகுமுன் தன் மனைவி அன்னா லாரினாவை ஒரு கடிதத்தை மனப்பாடம் செய்ய வைத்தார். யாருக்கு? வருங்காலக் கட்சித் தலைவர்களின் தலைமுறைக்கு! அவருக்கு மறுவாழ்வு வழங்கப்பட்டது 1988இல். அவரைச் சிறையும் மிரட்டலும் உடைத்தன, மறுக்கவில்லை. ஆனால் அந்தக் கடைசிக் கடிதத்தை யாரும் மிரட்டி எழுத வைக்கவில்லை. கட்சிக்கு வெளியே அவருக்கு வேறு முகவரி தெரியவில்லை.

இதையெல்லாம் நான் தள்ளி நின்று எழுதவில்லை. 1989இல், நான் இருந்த ஓர் அமைப்பில், தலைமையைக் கேள்வி கேட்ட தோழர் ஒருவரை நீக்கினோம். எனக்கு அரசியல் சொல்லிக் கொடுத்தவர். அவரோடு பேசக்கூடாது என்று சுற்றறிக்கை எதுவும் வரவில்லை. நாங்களாகவே நிறுத்திக்கொண்டோம். வழக்கமான டீக்கடையில் ஒருநாள் என் பக்கத்தில் வந்து நின்றார். நான் தினத்தந்தியை விரித்து சினிமா விளம்பரத்தைப் படித்தேன். டீ ஆறும்வரை நின்றார். குடிக்காமல் காசைக் கொடுத்துவிட்டுப் போனார். அவர் கேட்ட கேள்வி சரி என்று எனக்கு அப்போதே தெரியும்.

இரண்டு வருஷம் கழித்து சுயவிமர்சனக் கடிதம் கொடுத்துத் திரும்பி வந்தார். பொதுக்குழுவில் அவரே எழுந்து அதை வாசித்தார். மொழி அவருடையதாக இல்லை. முடித்ததும் எல்லோரும் கைதட்டினோம், நானும்தான். உட்கார இடம் தேடிப் பார்த்தவருக்கு நான் கொஞ்சம் நகர்ந்து கொடுத்தேன். உட்கார்ந்து, ரொம்ப நேரம் கழித்து, "தீப்பெட்டி இருக்காப்பா?" என்று கேட்டார்.