கணினிப் பொறியியல் பட்டமும் கல்விக் கடனும்: நடுமதிப்பு ஊதியம் மறைப்பவை

தமிழ்நாட்டுப் பொறியியல் கலந்தாய்வில் அண்மை ஆண்டுகளாகக் கணினி அறிவியலும் அதன் கிளைப் படிப்புகளும்தான் முந்தி நிரம்புகின்றன. பெற்றோர் போடும் கணக்கு எளியது: கடன் சில லட்சம், வேலை கிடைத்தால் சில ஆண்டுகளில் அடைத்துவிடலாம். இக்கணக்கு பல குடும்பங்களுக்குப் பலித்திருக்கிறது. ஆனால் பட்டம் வாழ்நாள் முழுக்க எவ்வளவு ஈட்டித் தரும் என்பதைக் கொண்டு கடனை எடைபோடுவது பிழை. படிப்பு முடிந்த முதல் மூன்று ஆண்டுகளைக் கொண்டே எடைபோட வேண்டும் என்பது என் வாதம். வருமானம் என்று வரும் என்று யாரும் சொல்ல முடியாது. தவணை தொடங்கும் நாளோ கடன் ஒப்பந்தத்திலேயே எழுதப்பட்டிருக்கிறது.

இந்திய வங்கிகள் சங்கத்தின் மாதிரிக் கல்விக் கடன் திட்டத்தில், படிப்புக் காலத்துக்கும் அதன்பின் ஓராண்டுக்கும் தவணை விலக்கு உண்டு. பெற்றோர் இணைக் கடனாளியாகக் கையெழுத்திடுவார். ஆண்டுத் தொடக்கத்தில் 1 லட்சம் வீதம் நான்கு ஆண்டுகள், 10 விழுக்காடு வட்டி என்று வைத்துக்கொள்வோம். விலக்குக் காலத்தில் தனிவட்டிதான். ஆயினும் முதலாண்டு லட்சத்துக்கு 5 ஆண்டு வட்டி, அடுத்ததற்கு 4, பிறகு 3, 2 என்று 1 லட்சத்து 40 ஆயிரம் ஏறிவிடும். 5 லட்சத்து 40 ஆயிரத்தை ஏழாண்டில் அடைக்க மாதத் தவணை ஏறத்தாழ 8,965 ரூபாய். பதினைந்து ஆண்டுக்கு நீட்டினால் 5,800 ஆகக் குறையும். ஆனால் கட்டும் மொத்தத் தொகை 10 லட்சத்தைத் தாண்டும். குடும்ப ஆண்டு வருமானம் நாலரை லட்சத்துக்குள் இருந்து, விலக்குக் கால வட்டியை ஏற்கும் மத்திய அரசின் மானியமும் கிடைத்தால் ஏழாண்டுத் தவணை 6,640. அந்த மானியம் ஒரு குடும்பத்துக்கு மாதம் இரண்டாயிரத்துச் சொச்சம் ரூபாயாகிறது.

எதிர்ப்பக்கத்தில் ஊதியம். பெரிய மென்பொருள் சேவை நிறுவனங்கள் புதியவர்களில் பெரும்பாலோருக்குத் தரும் ஆண்டு ஊதியம் பத்தாண்டுகளுக்கு மேலாக மூன்று, மூன்றரை லட்சத்தைச் சுற்றியே நிற்கிறது. மாதம் 28,000 என்றால் வருங்கால வைப்புநிதிப் பிடித்தமெல்லாம் போகக் கைக்கு வருவது 25,000 அளவில்தான். சென்னையில் விடுதி வாடகை, சாப்பாடு, போக்குவரத்துக்குப் பிறகு 9,000 தவணையும் கட்டினால் வீட்டுக்கு அனுப்ப மிஞ்சுவது சொற்பம். முதல் தலைமுறைப் பட்டதாரியின் வீடு அந்தப் பணத்தைத்தான் நம்பியிருக்கும். தகப்பனும் மகளும் இந்தக் கணக்கைச் சேர்க்கைக்கு முன்பே உட்கார்ந்து போட்டிருக்க வேண்டும். ஆனால் அதற்கான தகவலை அவர்களுக்குத் தருவது யார்?

தேசியத் தரவரிசைக் கட்டமைப்புக்குக் கல்லூரிகள் ஆண்டுதோறும் அளிக்கும் அட்டவணையை வரிசையாகப் படித்துப் பாருங்கள். சேர்ந்தோர் எண்ணிக்கை, உரிய காலத்தில் தேர்ச்சி பெற்றோர், வேலை பெற்றோர், அவர்களது நடுமதிப்பு ஊதியம், மேற்படிப்புக்குச் சென்றோர். எடுத்துக்காட்டாக 120 பேர் சேர்ந்து, 84 பேர் உரிய காலத்தில் தேறி, 50 பேர் வேலை பெற்றால், நடுமதிப்பு ஊதியம் அந்த 50 பேருடையது மட்டுமே. அரியர் வைத்து நின்றவர்களும் படிப்பை இடையில் விட்டவர்களும் அந்தத் தொகைக்குள் வருவதில்லை. வங்கிப் பேரேட்டில் கடன் வாங்கிய அத்தனை பேரும் இருக்கிறார்கள். அதோடு, இந்த அட்டவணை கல்லூரி முழுமைக்குமானது. கணினித் துறைக்கெனத் தனி வரி கிடையாது. அமெரிக்கக் கல்வித் துறையின் கல்லூரி மதிப்பெண் அட்டை ஒவ்வொரு படிப்புக்கும் கடனையும் ஊதியத்தையும் அருகருகே காட்டுகிறது. நம் மாணவர்களுக்கு அதுகூட இல்லை என்பது வருந்தத்தக்கது.

வேலை கிடைத்தவர்களுக்கும் காலம் ஒத்துழைப்பதில்லை. 2022இல் படிப்பை முடித்த பலர் பணி ஆணைக் கடிதத்தைக் கையில் வைத்துக்கொண்டு ஓராண்டுக்கு மேல் சேரும் தேதிக்குக் காத்திருந்தனர். தவணை விலக்கும் அதே ஓராண்டுதான். சம்பளம் தொடங்குமுன் தவணை தொடங்கினால், முதல் சுமை இணைக் கடனாளியான தகப்பன் மேல் விழும். தவறிய தவணைகள் இருவரது கடன் மதிப்பெண்ணையும் குலைக்கும். நிர்வாக ஒதுக்கீட்டில் சேர்ந்த வீடுகளின் நிலை இன்னும் மோசம். அந்த இடத்துக்காக நன்கொடை வாங்கத் தமிழ்நாட்டில் 1992 முதலே சட்டத்தடை உண்டு. ஆகவே அப்படிக் கொடுத்த பணத்துக்கு வங்கிக் கடன் கிடையாது. அது நகைக் கடனாகவோ வட்டிக்கு வாங்கியதாகவோ வீட்டுக்குள் ஒளிந்திருக்கும். எந்தப் புள்ளிவிவரமும் அதைத் தொடுவதில்லை.

ஆஸ்திரேலியா 1989இல் வேறு வழியை எடுத்தது. வருமானம் ஒரு வரம்பைத் தாண்டிய பிறகே, வரித்துறை வழியாகக் கடன் பிடிக்கப்படும். வேலை போனால் பிடித்தமும் நிற்கும். இந்தியாவில் தொடக்கநிலைப் பொறியாளரின் ஊதியம் வருமான வரி வரம்புக்குள் வராது, ஆகவே இது இங்கு ஒவ்வாது என்பர். ஆனால் அவருக்கு வைப்புநிதிக் கணக்கு இருக்கிறது. மாதந்தோறும் ஊதியம் அங்கே பதிவாகிறது. 20,000க்கு மேற்பட்ட ஊதியத்தில் 15 விழுக்காடு என்று வைத்தால், 28,000 வாங்குபவர் மாதம் 1,200 கட்டுவார். 70,000 வாங்கும்போது 7,500. வைப்புநிதி வராத மாதத்தில் தவணையும் இல்லை. இதில் ஒரு சிக்கலை மறைக்கக் கூடாது: 5 லட்சத்து 40 ஆயிரத்தின் மாத வட்டியே 4,500 என்பதால், தொடக்க ஆண்டுகளில் கடன் வளர்ந்துகொண்டே போகும். 50,000 ஊதியம் வரும்போதுதான் தவணை அந்த வட்டியை எட்டும். எனவே வட்டியை விலைவாசி உயர்வின் அளவோடு நிறுத்தி, எஞ்சிய செலவை அரசு ஏற்க வேண்டும். 2024இன் வித்யாலட்சுமி திட்டம் வட்டியில் 3 விழுக்காட்டை அரசே ஏற்கும் கொள்கையை வகுத்துவிட்டது. ஆனால் அது தரவரிசையில் முன்னிற்கும் நிறுவனங்களோடு நின்றுவிடுகிறது. தொடக்க ஊதியம் குறைவாகவும் ஆபத்து மிகுதியாகவும் உள்ள மாவட்டத் தனியார் கல்லூரிகளின் மாணவர்களுக்கே அச்சலுகை முதலில் போய்ச் சேர வேண்டும்.