ஊடாடும் வரைபடமும் குறிப்பேட்டின் சான்றுக் கடமையும்

அமெரிக்காவின் யெல்லோஸ்டோன் தேசியப் பூங்காவில் ஓல்ட் ஃபெய்த்ஃபுல் என்ற வெந்நீர் ஊற்று இருக்கிறது. ஒருமுறை பீறிட்டபின் அடுத்த பீறிடலுக்கு எத்தனை நிமிடம் காத்திருக்க வேண்டியிருந்தது என்று காட்டும் 272 பதிவுகள் ஆர் என்ற புள்ளியியல் நிரல்மொழியோடு சேர்ந்தே வருகின்றன. புள்ளியியல் மாணவர் பலரும் தொடக்கத்திலேயே கையாளும் தரவு இது. 40 முதல் 100 நிமிடம் வரையிலான காத்திருப்பை, மேல் எல்லையை உள்ளடக்கிய 20 நிமிடப் பிரிவுகளாக வகுத்து நிகழ்வெண் செவ்வகப் படம் வரைந்தால், மூன்று பிரிவுகளில் முறையே 83, 105, 84 பதிவுகள் விழுகின்றன. நடுவில் உயர்ந்து இருபுறமும் தாழும் ஒற்றை மேடு தெரிகிறது. அதே பதிவுகளை 10 நிமிடப் பிரிவுகளில் இட்டால் 26, 57, 24, 81, 78, 6 என்று வருகிறது. நடுவில் பள்ளம் விழுந்து மேடு இரண்டாகிவிடுகிறது. 5 நிமிடப் பிரிவில் அந்தப் பள்ளம் இன்னும் ஆழமாகி, 65க்கும் 70க்கும் இடையே பத்தே பதிவுகள் எஞ்சுகின்றன. ஒரு நிமிடப் பிரிவுக்கு இறங்கினால் படம் முழுவதும் பற்களாகி உருவம் சிதைகிறது. தரவில் ஓர் எண்கூட மாறவில்லை. ஆய்வாளர் எடுத்த ஒரு முடிவுதான் மாறியது, அதனோடு முடிபும் மாறியது.

பிரிவின் அகலத்தை ஒரு ஸ்லைடரோடு இணைத்துவிட்டால், இந்த மாற்றம் முழுவதும் சில நொடிகளில் கண்முன் ஓடிவிடும். இரண்டு மேடுகள் எந்த அகலத்தில் தோன்றுகின்றன, எந்த அகலம்வரை தாக்குப்பிடிக்கின்றன, எங்கே கரைகின்றன என்பது தெரிந்துவிடும். தனித்த ஒரு படம் இதைத் தராது. முடிபு நம் தேர்வை எந்த அளவுக்குச் சார்ந்திருக்கிறது என்ற அறிவு இது; ஊடாடும் வரைபடம் ஆய்வுக்குத் தரும் பங்களிப்புகளில் இதையே தலையாயதாகக் கருதுகிறேன். ஆனால் இந்த அறிவு இருப்பதெல்லாம் ஸ்லைடரை நகர்த்தியவரின் கண்ணில் மட்டும். உரை, நிரல், விளைவு மூன்றும் சேர்ந்திருக்கும் கணினிக் குறிப்பேட்டைச் சேமிக்கும்போது மிஞ்சுவது கடைசியாக நின்ற படம். நகர்த்திப் பார்த்ததால் ஒருவருக்கு உறுதி பிறந்தது என்றால், அந்த நகர்த்தலும் சான்றின் ஒரு பகுதியே. அது ஏட்டில் எழுதப்படாதவரை அந்த உறுதியைப் பிறர் சோதிக்க வழியில்லை. எனவே, கணினிக் குறிப்பேட்டில் இடம்பெறும் ஊடாட்டம் தன் நிலையைத் தானே பதிவுசெய்ய வேண்டும் என்பதே இக்கட்டுரையின் வாதம்.

இந்தச் சிக்கலுக்கு ஒரு வரலாற்றுக் காரணம் உண்டு. குறிப்பேட்டில் இன்று இரண்டு மரபுகள் சேர்ந்திருக்கின்றன. ஜான் டூக்கி 1970களின் தொடக்கத்தில் ஸ்டான்ஃபோர்டு நேர்கோட்டு முடுக்கி மையத்தில் பிறரோடு சேர்ந்து உருவாக்கிய பிரிம்-9 என்ற மென்பொருள், ஒன்பது பரிமாணம்வரை உள்ள தரவைத் திரையில் சுழற்றவும், ஒரு பகுதியை மட்டும் பிரித்துப் பார்க்கவும் இடம் தந்தது. 1987இல் பெக்கர், கிளீவ்லாண்ட் இருவரும் விவரித்த முறையில், ஒரு சிதறல் விளக்கப்படத்தில் சில புள்ளிகளைத் தேர்ந்தால் அதே பதிவுகள் மற்ற படங்களிலும் உடனே ஒளிரும். இந்த மரபு கண்ணுக்கு விடுதலை தந்தது. பதிவு வைக்கும்படி யாரும் அதனிடம் கேட்கவில்லை. மற்ற மரபு 1988இல் மேத்தமேட்டிக்காவோடு வந்த குறிப்பேட்டில் தொடங்கி, 2011இன் ஐபைத்தான் குறிப்பேடு வழியாக, 2014இல் ஜுபிட்டராக வளர்ந்தது. உரை, நிரல், விளைவு மூன்றையும் ஒரே ஏட்டில் வரிசையாக வைத்தால் இன்னொருவர் அதை மீண்டும் இயக்கிச் சரிபார்க்கலாம் என்பது அதன் வாக்குறுதி. முதல் மரபுக்குத் தடம் ஒரு பொருட்டே இல்லை. இரண்டாவதற்குத் தடமே உயிர். இவ்விரண்டையும் இணைத்தவர்கள் வசதியை இணைத்தார்கள், கடமையை இணைக்க மறந்தார்கள்.

பதிவு எங்கே நழுவுகிறது என்று அறியக் கருவியின் உள்ளமைப்பைக் கொஞ்சம் பார்க்க வேண்டும். ஜுபிட்டரில் நிரலை இயக்குவது கெர்னல். பயனர் காண்பது உலாவி. இரண்டும் தனித்தனிச் செயல்முறைகள், செய்தி அனுப்பிப் பேசிக்கொள்பவை. ஐபைவிட்ஜெட்ஸ் தரும் ஸ்லைடரை நகர்த்தினால் புதிய மதிப்பு கெர்னலுக்குப் போகிறது, அங்கே பைத்தான் செயற்கூறு மறுபடி இயங்குகிறது, புதிய படம் பழையதன் இடத்தில் வந்து உட்காருகிறது. நிரல் எழுதிய பகுதியான செல்லின் அருகே உள்ள இயக்க எண் மாறுவதில்லை. நிரலிலும் ஓர் எழுத்து மாறுவதில்லை. கெர்னல் இல்லாத இடத்தில் இந்தக் கோப்பைத் திறந்தால், விட்ஜெட்டின் நிலை சேமிக்கப்பட்டிருந்தாலும் ஸ்லைடர் மட்டும் நகரும், படம் நகராது. பிளாட்லி, போக்கே, வேகா-லைட் போன்ற வரைபட நூலகங்கள் வேறு வழியில் போகின்றன. தரவையும் ஊடாட்டத்தையும் அவை உலாவிக்குள்ளேயே வைத்துவிடுகின்றன. கெர்னல் இல்லாமலும் பெரிதாக்கலாம், புள்ளியைத் தொட்டு விவரம் பெறலாம். ஆனால் இந்த வழியில், வாசகர் தேர்ந்த புள்ளிகள் எவை என்பது கெர்னலுக்கே தெரியாமல் போகலாம். தேர்வு படத்தில் ஒளிர்கிறது, அடுத்த செல்லின் கணக்கில் நுழைவதில்லை. கிட்ஹப் போன்ற தளங்கள் பாதுகாப்புக் கருதி ஜாவாஸ்கிரிப்டை இயக்காமல் குறிப்பேட்டைக் காட்டுவதால், அங்கே இத்தகைய படம் பலசமயம் வெற்றிடமாகவே நிற்கிறது.

ஊடாட்டம் இல்லாத நிலையிலேயே குறிப்பேட்டின் மறுஇயக்கம் தளர்ந்துதான் இருக்கிறது. கிட்ஹபில் இருந்த சுமார் 14 லட்சம் குறிப்பேடுகளைத் திரட்டி பிமென்டெலும் அவருடன் பணியாற்றியவர்களும் 2019இல் வெளியிட்ட ஆய்வில், இயக்க முயன்றவற்றுள் 24.11% மட்டுமே பிழையின்றி ஓடின. அதே விளைவைத் தந்தவை 4.03%. செல்களை வரிசை மாற்றி இயக்குவதால் நினைவகத்தில் தங்கும் மறைநிலை இதற்கு ஒரு காரணம். ஸ்லைடர் அந்த மறைநிலைக்கு மேல் இன்னோர் அடுக்கைச் சேர்க்கிறது. செல் வரிசை பிசகினாலாவது இயக்க எண்கள் காட்டிக்கொடுக்கும். ஸ்லைடர் 10இலிருந்து 20க்குப் போய்த் திரும்பியதைக் காட்டிக்கொடுக்க எதுவும் இல்லை.

ஊடாட்டம் எங்கும் தேவை என்று நான் சொல்லவில்லை. அண்டார்க்டிகாவின் பாமர் நிலையத்தை ஒட்டிய தீவுகளில் அளக்கப்பட்ட 344 பென்குயின்களின் தரவில், அலகின் நீளம் கூடக் கூட அதன் ஆழம் குறைவது போலத் தெரிகிறது. மூன்று இனங்களையும் பிரித்தால் ஒவ்வோர் இனத்துக்குள்ளும் இரண்டும் சேர்ந்தே கூடுகின்றன. இந்தத் தலைகீழ் மாற்றத்தைக் காட்ட மூன்று வண்ணங்கள் போதும். இங்கே இனத்தைத் தேர்ந்தெடுக்கும் பட்டியல் ஒன்றை வைத்தால் ஒப்பிட வேண்டியவை ஒன்றன்பின் ஒன்றாகத்தான் வரும். வாசகர் முந்தைய படத்தை நினைவில் சுமந்துகொண்டு ஒப்பிட வேண்டியிருக்கும். மதிப்புகள் சிலவாக இருக்கும்போது படங்களை அருகருகே வைப்பதே மேல். மதிப்பு தொடர்ச்சியாக ஓடும்போதும், இடையில் எங்கே மாறுகிறது என்பதே கேள்வியாகும்போதும் ஸ்லைடர் தன் இடத்தைப் பெறுகிறது.

பதிவு வேண்டும் என்பதற்கு எதிராக வலுவான மறுப்பு ஒன்று உண்டு: தேடல் கட்டத்தில் ஒவ்வோர் அசைவையும் குறித்துவைக்கச் சொன்னால் சிந்தனை தடைபடும். இதை எளிதில் ஒதுக்க முடியாது. லியூ, ஹீர் இருவரும் 2014இல் வெளியிட்ட சோதனையில், ஒவ்வொரு செயலுக்கும் அரை நொடித் தாமதத்தைக் கூட்டியதற்கே பயனர்கள் தரவில் தேடிப் பார்த்த பரப்பு சுருங்கியது. அரை நொடிக்கே இந்த விலை என்றால், கையால் குறிப்பு எழுதச் சொல்வதன் விலையைக் கேட்கவே வேண்டாம். ஆகவே பதிவு ஆய்வாளரின் கையில் விடப்படாமல் கருவியின் பொறுப்பாக வேண்டும். அதற்கான வழிகள் முன்பே திறந்திருக்கின்றன. வேகா-லைட், தேர்வு என்பதையே படத்தின் விவரிப்புக்குள் பெயரிட்ட ஓர் உறுப்பாக அறிவிக்கச் செய்கிறது; அதைப் பைத்தானில் கையாளும் ஆல்டெய்ர், தன் ஐந்தாம் பதிப்பு வரிசையில் அந்தத் தேர்வின் மதிப்பைக் கெர்னலிலிருந்து வாசிக்கவும் வழி செய்திருக்கிறது. புளூட்டோ, மாரிமோ போன்ற குறிப்பேடுகளில் ஒரு மதிப்பு மாறினால் அதைச் சார்ந்த செல்கள் எல்லாம் தாமே மறுபடி இயங்குவதால், ஸ்லைடருக்கும் அதற்குக் கீழே எழுதிய எண்ணுக்கும் முரண் எழுவதில்லை. ஆயினும் அங்கும் கடைசி நிலைதான் நிற்கிறது, கடந்துவந்த நிலைகள் நிற்பதில்லை. அந்தக் குறை இன்னும் தீரவில்லை.

இரண்டாம் மறுப்பு எதிர்த்திசையிலிருந்து வருகிறது: நகர்த்திக்கொண்டே இருந்தால் ஏதாவது ஓர் இடத்தில் ஏதாவது ஓர் உருவம் தெரியத்தான் செய்யும், ஆகவே ஊடாட்டமே பொய்யான கண்டுபிடிப்புகளின் விளைநிலம். ஸ்கிராகெனும் பிறரும் 2018இல் நடத்திய சோதனை இதற்கு ஆதரவாகவே பேசுகிறது. உண்மை எது என்று முன்கூட்டியே அறிந்த செயற்கைத் தரவைத் தந்து தேடச் சொன்னபோது, பங்கேற்றோர் கண்டதாகச் சொன்னவற்றுள் 60%க்கும் மேற்பட்டவை பொய்யானவை. ஆனால் இந்த ஆபத்து ஒருவர் நாற்பது நிலையான படங்களை வரைந்து, பிடித்த ஒன்றை மட்டும் வெளியிடும்போதும் இருக்கிறது. பன்முறை ஒப்பீட்டுக்குத் திருத்தம் செய்ய வேண்டுமானால் எத்தனை ஒப்பீடுகள் நடந்தன என்று தெரிய வேண்டும்; கண்ணால் செய்த ஒப்பீடுகளை எண்ண ஏதேனும் வழி உண்டென்றால் அது ஊடாட்டத்தின் பதிவுதான். இந்தச் சோதனை ஊடாட்டத்துக்கு எதிரான சான்றாகத் தோன்றினாலும், தடமற்ற ஊடாட்டத்துக்கு எதிரான சான்றாகவே அதைக் கொள்ள வேண்டும்.

வாசகரே நகர்த்திப் பார்த்துத் தம் முடிவுக்கு வரட்டும், ஆசிரியர் எதற்குப் பதிவு தர வேண்டும் என்றும் கேட்கலாம். அந்தச் சுதந்திரத்தின் எல்லையை வகுப்பவரே ஆசிரியர்தான் என்பதை இக்கேள்வி மறந்துவிடுகிறது. ஓல்ட் ஃபெய்த்ஃபுல் படத்தின் ஸ்லைடர் 2 முதல் 10 நிமிடம்வரை மட்டும் ஓடினால், 20 நிமிடத்தில் எழும் ஒற்றை மேட்டை வாசகர் ஒருபோதும் சந்திக்கமாட்டார். தொடக்க மதிப்பும் அப்படியே: பெரும்பாலானோர் முதலில் காண்பதையே நினைவில் கொள்வார்கள். ஸ்லைடரின் இரு முனைகளும் அதன் தொடக்க நிலையும் ஆசிரியரின் கூற்றுகள். கட்டுரையின் மற்ற கூற்றுகளுக்குக் காரணம் கேட்பதுபோல இவற்றுக்கும் காரணம் கேட்க வேண்டும்; அந்தக் காரணம் அதே செல்லின் மேலுள்ள உரையில் எழுதப்பட்டிருக்க வேண்டும்.

ஊடாடும் படம் நெடுங்காலம் நீடிக்காது என்ற மறுப்பும் உண்டு; அதை நான் பெருமளவு ஏற்கிறேன். ஜாவாஸ்கிரிப்ட் நூலகங்கள் பதிப்புக்குப் பதிப்பு மாறுகின்றன. இன்று ஓடும் படம் பத்தாண்டுக்குப் பின் ஓடும் என்று யாரும் உறுதி தர முடியாது. ஆனால் ஜுபிட்டரின் கோப்பு வடிவம் ஒரே விளைவுக்குப் பல உருவங்களைச் சேர்த்துவைக்க இடம் தருகிறது. ஊடாடும் விவரிப்பின் அருகிலேயே ஒரு பிஎன்ஜி படமும் அதே செல்லில் தங்கலாம். ஓட முடியாத இடத்தில் படமாவது தெரியும். முடிபு நிற்கும் மதிப்புகளிலும் திரும்பும் மதிப்பிலும், அதாவது இந்தத் தரவில் 5, 10, 20 நிமிடங்களில், எடுத்த நிலையான படங்களை அடுத்தடுத்து வைத்துவிட்டால் ஸ்லைடர் சொன்னதன் சாரம் அச்சிலும் நிற்கும்.

குறிப்பேட்டைத் துணைச்சான்றாக ஏற்கும் ஆய்விதழ்கள் மதிப்பீட்டாளரிடம் கேட்க வேண்டியது அதிகமில்லை. கெர்னலைப் புதிதாகத் தொடங்கி, எந்த ஸ்லைடரையும் தொடாமல் எல்லாச் செல்களையும் வரிசையாக இயக்க வேண்டும். வரும் படங்களும் எண்களும் கட்டுரையில் அச்சானவையோடு ஒத்துப்போக வேண்டும். பிறகு ஒவ்வொரு ஸ்லைடரையும் அதன் இரு முனைகளுக்கும் கொண்டுபோய், கட்டுரை சொல்லும் முடிபு அங்கே நிற்கிறதா, நிற்காவிட்டால் அது நிற்காது என்று ஆசிரியர் முன்பே எழுதியிருக்கிறாரா என்று பார்க்க வேண்டும்.