வாண்டா

வாண்டா என்பது ஆர்க்கிட் குடும்பத்தைச் சேர்ந்த ஒரு பேரினம். இந்தியா, இலங்கை தொடங்கி வட ஆஸ்திரேலியா வரை இதன் இனங்கள் பரவியுள்ளன. பெரும்பாலானவை மரங்களில் தொற்றி வளர்பவை. புல்லுருவியைப்போல் இவை மரத்தின் சாற்றை உறிஞ்சுவதில்லை. தொங்கும் வேர்களைப் போர்த்திய வெண்ணிறப் பஞ்சுத் திசுவே மழைநீரையும் பனியீரத்தையும் ஈர்த்துக்கொள்கிறது.

லின்னேயஸ் காலத்தில் மரத்தில் வளரும் ஆர்க்கிட்கள் எபிடென்ட்ரம் என்ற பேரினத்தில் அடைக்கப்பட்டன. சோழமண்டலக் கரையின் தாவரங்களை ஆராய்ந்த வில்லியம் ராக்ஸ்பர்க், 1795-இல் இன்றைய வாண்டா டெசலேட்டாவை எபிடென்ட்ரம் டெசலேட்டம் என்றே வெளியிட்டார். வில்லியம் ஜோன்ஸ் வடமொழியிலிருந்து எடுத்தாண்ட 'வாண்டா' என்ற பெயரில், 1820-இல் ராபர்ட் பிரௌன் இதைத் தனிப் பேரினமாக நிறுவினார்.

அதன்பின் எல்லைகள் பலமுறை மாறின. 1893-இல் சிங்கப்பூர்த் தாவரவியலாளர் ரிட்லி விவரித்த 'வாண்டா மிஸ் ஜோக்கிம்' என்ற கலப்பினம் 1981-இல் அந்நாட்டின் தேசிய மலரானது. ஆனால் அதன் தாய், தந்தை இனங்கள் இரண்டும் இன்று பாப்பிலியோனாந்தே பேரினத்தில் உள்ளன. மறுபுறம், மரபணு ஆய்வுகளைத் தொடர்ந்து, சிறு பூக்கள் கொண்ட ஆஸ்கோசென்ட்ரம் 2012-இல் வாண்டாவுடன் இணைக்கப்பட்டது.

சேர்வராயன் உள்ளிட்ட கிழக்குத் தொடர்ச்சி மலைகளில் வாண்டா டெசலேட்டா காணப்படுகிறது. மஞ்சள் கலந்த பச்சை இதழ்களில் பழுப்புக் கட்டங்களும் நீலஊதா உதடும் கொண்ட இதன் பூ மணமுடையது. தென்னிந்தியாவிலும் இலங்கையிலும் வளரும் வாண்டா ஸ்பாதுலாட்டா மஞ்சள் நிறத்தில் பூக்கும். 1820-களில் சேலம் கலெக்டர் எம். டி. காக்பர்ன் சேர்வராயன் மலையிலுள்ள ஏற்காட்டில் காப்பியைப் புகுத்தியபின், வெள்ளக்கடை போன்ற ஊர்களைச் சூழ்ந்த மலைக்காடுகளின் முகம் மாறியது. தோட்டங்களில் நிழலுக்காக விட்டுவைக்கப்பட்ட நாட்டு மரங்கள் தொற்றுச்செடிகளுக்கும் இடம் தந்தன. இந்தியத் தாவரவியல் அளவாய்வுத் துறை 1963-இல் ஏற்காட்டில் அமைத்த தேசிய ஆர்க்கிட் தோட்டத்தில் தென்னிந்திய ஆர்க்கிட்கள் உயிருடன் வளர்க்கப்படுகின்றன.

வடகிழக்கு மலைகளின் நீல வாண்டாவுக்குத் தோட்டக்கலைச் சந்தையே பகையானது. 1931-இல் பதிவான ராத்சைல்டியானா கலப்பினத்தின் நீலநிறம் இதிலிருந்து வந்ததே. காட்டிலிருந்து பெருமளவில் பறிக்கப்பட்டதால், 1991-இல் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தில் சேர்க்கப்பட்ட 6 தாவர வகைகளுள் இதுவும் இடம்பெற்றது. அருகிவரும் உயிரினங்களுக்கான பன்னாட்டு வணிகக் கட்டுப்பாட்டு உடன்படிக்கையில் மிகக் கடுமையான முதல் பட்டியலில் இருந்த இது, செயற்கைமுறை வளர்ப்பு பெருகியபின் 2005-இல் இரண்டாம் பட்டியலுக்கு மாற்றப்பட்டது.

காட்டில் இவை பெருகுவது எளிதன்று. தூசிபோன்ற விதைகளில் உணவுச் சேமிப்பு இல்லாததால் முளைக்கப் பூஞ்சையின் துணை தேவை. லூயிஸ் நட்சன் 1922-இல் சர்க்கரை சேர்த்த ஊடகத்தில் பூஞ்சையின்றியே ஆர்க்கிட் விதைகளை முளைக்கவைத்தார். ஆய்வகத்தில் நாற்றுகளைப் பெருக்கவும், காட்டுச் செடிகளின் மீதான சுமையைக் குறைக்கவும் அம்முறையே அடிப்படையானது.