போகி மேளமும் வில்யாழும்

தமிழிசை வரலாறு என்று நாம் படிப்பதும் வகுப்பறையில் பயிற்றுவிப்பதும் பெரும்பாலும் பண்களின் வரலாறாகவும் பாடியவர்களின் வரலாறாகவுமே இருக்கின்றன. கருவியைச் செய்த கைகள் அதில் அரிதாகவே இடம்பெறுகின்றன. அந்தக் கைகள் ஐந்து, ஆறு வயதுக் குழந்தைகளுடையவை என்றால் அவற்றைப் பற்றிய பேச்சே எழுவதில்லை. விளையாட்டுப் பொருள் என்ற ஒரு சொல்லில் அவற்றைக் கடந்துவிடுகிறோம். வடசென்னையில், குறிப்பாக வியாசர்பாடியில், குழந்தைகள் கையில் உருவாகும் எளிய இசைக்கருவிகளை முன்வைத்து இப்புறக்கணிப்பைச் சற்று எண்ணிப் பார்ப்பதே இக்கட்டுரையின் நோக்கம்.

கையில் கிடைத்ததைக் கொண்டு கருவி செய்யும் வழக்கத்திற்குத் தமிழில் மிகப் பழைய சான்று பத்துப்பாட்டில் இருக்கிறது. கடியலூர் உருத்திரங்கண்ணனாரின் பெரும்பாணாற்றுப்படை, காட்டில் நிரை மேய்க்கும் ஓர் ஆயனைக் காட்டுகிறது. அவன் தீக்கடைகோலால் நெருப்பை உண்டாக்கி, அந்தக் கொள்ளியாலேயே துளையிட்டுக் குழல் செய்துகொள்கிறான். அதில் பாலைப்பண்ணை வாசிக்கிறான். குழல் சலித்ததும் உள்துளையுள்ள குமிழங்கொம்பை வளைத்து, மரல் நாரை நரம்பாகக் கட்டி வில்யாழ் செய்கிறான். அதில் எழும் குறிஞ்சிப்பண்ணைத் தம் இனத்தின் குரல் என்று எண்ணி வண்டுகள் செவிசாய்க்கின்றன. நூலின் பாட்டுடைத் தலைவன் காஞ்சியை ஆண்ட தொண்டைமான் இளந்திரையன். இன்றைய வியாசர்பாடியும் அதே தொண்டை நாட்டு நிலம்தான்.

இந்தப் பகுதியில் நாம் பொதுவாகக் கவனிக்கத் தவறும் செய்தி ஒன்றுண்டு. ஆயன் இசையை யாரிடமும் பயின்றதாகப் புலவர் சொல்லவில்லை. கருவியைச் செய்வதைத்தான் விரிவாகச் சொல்கிறார். நெருப்பு, துளை, கொம்பு, நார் என்று ஒவ்வொரு பொருளுக்கும் பெயர் உண்டு. செய்தலே கற்றலாக இருந்த நிலை அது. விபுலானந்த அடிகள் பல்லாண்டு உழைத்து 1947இல் வெளியிட்ட யாழ் நூலிலும் இந்த வில்யாழ் இடம்பெறுகிறது. பேரறிஞர் ஒருவரின் ஆராய்ச்சிக்கு உரிய கருவி, மாடு மேய்ப்பவன் பொழுதுபோக்கிற்குச் செய்துகொண்ட கருவி!

பிற்காலத்துப் பிள்ளைத்தமிழ் நூல்கள் வேறொரு பக்கத்தைக் காட்டுகின்றன. ஆண்பாற் பிள்ளைத்தமிழின் பத்துப் பருவங்களில் சிறுபறை முழக்குதலும் ஒன்று. குழந்தை வளர்ச்சியின் ஒரு படியாகவே தோற்கருவியை முழக்குவதைத் தமிழ் இலக்கணம் ஏற்றுக்கொண்டது. ஆனால் இங்கே குழந்தை முழக்குகிறது, செய்வதில்லை. பாட்டுடைத் தலைவனின் கைக்குப் பறை ஆயத்தமாக வந்து சேர்ந்துவிடுகிறது. தோலைப் பதப்படுத்தி இழுத்துக் கட்டியவர் பாட்டுக்கு வெளியே நிற்கிறார். ஆயனின் காட்டுக்கும் சிறுபறையின் முற்றத்துக்கும் இடையிலான இந்த விலகலே பின்னால் சொல்லப்போவதற்கு அடிப்படை.

இனி வியாசர்பாடிக்கு வருவோம். 1856இல் தொடங்கிய பெரம்பூர் இரயில்வே பணிமனையும், 1870களிலும் 1880களிலும் எழுந்த பக்கிங்காம், கர்நாடிக் ஆலைகளும், துறைமுகமும் சேர்ந்து வடசென்னையை உழைப்பாளர் ஊராக்கின. செங்கற்பட்டு, வடாற்காடு சிற்றூர்களிலிருந்து வேலை தேடி வந்த குடும்பங்கள் தங்கள் தெய்வங்களையும் தாளங்களையும் உடன் கொண்டுவந்தன. 1921 ஆலை வேலைநிறுத்தமும் அதையொட்டிய புளியந்தோப்புக் கலவரமும் வரலாற்று நூல்களில் உள்ளன. 1996இல் பின்னி ஆலை மூடப்பட்டதும் பதிவாகியிருக்கிறது. ஆலைச் சங்கு ஓய்ந்த தெருக்களில் குழந்தைகள் எதைத் தட்டி விளையாடினார்கள் என்பது மட்டும் எந்த ஏட்டிலும் இல்லை.

அவர்கள் தட்டியவற்றுள் தலையாயது போகி மேளம். சென்னைக்கு வெளியே உள்ள வாசகர்களுக்காகச் சற்று விளக்குவோம். சுட்ட மண் வளையம் ஒன்றின் வாயில் மெல்லிய மாட்டுத்தோலை இழுத்து ஒட்டியிருப்பார்கள். உடன் இரண்டு குச்சிகள். மார்கழிக் கடைசியில் தெருவோரக் கடைகளில் குவியலாகக் கிடக்கும். போகியன்று விடியுமுன் பழைய பாய்களும் கூடைகளும் எரியும் நெருப்பைச் சுற்றிக் குழந்தைகள் அதை முழக்குவார்கள்.

இதை நாம் விலைக்கு வாங்கும் பொருள் என்கிறோம். உண்மையில் பாதியைத்தான் வாங்குகிறோம். மீதிப் பாதியைக் குழந்தைதான் செய்துகொள்கிறது. தோல் ஈரத்தை உறிஞ்சும் பொருள். மார்கழிப் பனியும் கடற்காற்றும் சேர்ந்து அதைத் தளர்த்திவிடுவதால், வாங்கிவந்த மேளம் விடியற்காலையில் 'தொப்புத் தொப்பு' என்றுதான் ஒலிக்கும். நெருப்பருகே காட்டினால் ஈரம் ஆவியாகித் தோல் இறுகும், ஒலி உயரும். மிகுதியாகக் காட்டினால் தோல் வெடித்துவிடும். எவ்வளவு நேரம், எவ்வளவு தூரம் என்பதைக் கடைக்காரர் சொல்லித் தருவதில்லை. குழந்தை காய்ச்சுகிறது, தட்டிப் பார்க்கிறது, செவியால் அளக்கிறது, மறுபடியும் காய்ச்சுகிறது. பறையிசைக் கலைஞர்கள் ஆட்டம் தொடங்குமுன் வைக்கோல் நெருப்பில் செய்வதும் இதையேதான். சுருதி சேர்த்தல் என்று பெரியவர்கள் பெயரிட்டிருக்கும் கலையின் முதற்பாடம் இது.

வியாசர்பாடியில் நண்பர்கள் சிலர் நடத்தும் இரவுப் பாடசாலையில், ஐந்து முதல் எட்டு வயது வரையுள்ள குழந்தைகளோடு அமர்ந்து கருவிகள் செய்து பார்க்கும் வாய்ப்பு நமக்குக் கிட்டியது. தோல், துளை, நரம்பு, கஞ்சம் என்று தமிழ் இசை நூல்கள் கருவிகளை நான்காக வகுக்கின்றன. நான்கையும் ஒரு மாலைப் பொழுதில், செலவின்றிச் செய்துவிட முடிகிறது. பூவரச இலையைச் சுருட்டி ஒரு முனையைச் சற்றே நசுக்கினால் பீப்பி; நசுங்கிய இரு விளிம்புகளும் மூச்சில் அதிர்வதால் ஒலி பிறக்கிறது. நாகசுரத்தின் சீவாளி அதிர்வதும் அவ்வாறே. சோடா மூடிகளைத் தட்டையாக்கி, பெரியவர் ஒருவர் ஆணியால் துளையிட்டுக் கம்பியில் கோத்துக் கொடுத்தால் சலங்கை. பால்மாவு டப்பாவின் வாயில் கிழிந்த பலூனை இழுத்துக் கட்டினால் மேளம். தீப்பெட்டியின் உள்தட்டில் ரப்பர் வளையத்தை மாட்டினால் நரம்புக்கருவி.

ரப்பரை விரலால் இழுத்தும் தளர்த்தியும் மீட்டிக்கொண்டிருந்த சிறுமி ஒருத்தி, "சார், டைட்டா இழுத்தா கீச்சுன்னு கத்துது, லூசா வுட்டா முனகுது" என்றாள். நரம்பின் இறுக்கத்துக்கும் ஒலியின் உயரத்துக்கும் உள்ள தொடர்பை நாம் அன்று சொல்லிக்கொடுக்கத் திட்டமிட்டிருந்தோம். அதற்குத் தேவையில்லாமல் போயிற்று. அடுத்திருந்த சிறுவன் தன் போகி மேளத்தை வீட்டு அடுப்பில் காய்ச்சுவதை அவளுக்கு விளக்கத் தொடங்கினான். இறுக்கினால் உயரும் என்ற ஒரே உண்மையை ரப்பரிலும் தோலிலும் தனித்தனியே கண்டவர்கள் அவர்கள் இருவரும்.

இவ்வளவு இயல்பான செயலில் வரலாற்றுச் சிக்கல் எங்கே வருகிறது என்று கேட்கலாம். தோலில் வருகிறது. தொல்காப்பியர் ஒவ்வொரு நிலத்தின் கருப்பொருள்களிலும் பறையையும் யாழையும் வைத்தார். காலப்போக்கில் யாழ் வழக்கொழிந்தது. பறை ஒழியவில்லை, இழிவுபடுத்தப்பட்டது. அதைச் செய்வதும் முழக்குவதும் ஒரு சாராரின் மீது கட்டாய ஊழியமாகச் சுமத்தப்பட்டன. இருபதாம் நூற்றாண்டில் சாவுக்குப் பறையடிக்க மாட்டோம் என்று மறுத்ததும் தன்மானப் போராட்டமே. பின்னர் பறையைக் கலையாக மேடையில் ஏற்றியதும் தன்மானப் போராட்டமே. கருவியை விடுவதா, கட்டாயத்தை விடுவதா என்ற கேள்விக்கு இரு காலங்கள் அளித்த விடைகள் அவை.

இந்தப் பின்னணியில் போகி மேளத்தைப் பார்த்தால் அது எளிய பொருளாகத் தோன்றுவதில்லை. மயிலாப்பூர், திருவல்லிக்கேணி, வியாசர்பாடி என்ற வேறுபாடின்றிச் சென்னைக் குழந்தைகள் மாட்டுத்தோலை மடியில் வைத்துக் காய்ச்சி முழக்கும் விடியல் அது. பெரியவர்கள் தடுப்பதில்லை, தீட்டு என்று சொல்வதில்லை. மறுநாள் தை பிறந்ததும் அதே தோல், அதே குச்சி, அதே அடி சாவு மேளத்துக்கு உரியதாகி, முகம் சுளிக்கத் தக்கதாகிவிடுகிறது. குழந்தைக்கு ஒரு நாள் அளிக்கப்படும் இந்த உரிமை, வளர்ந்ததும் ஏன் பறிக்கப்படுகிறது? வியாசர்பாடியின் குழந்தைக்கு இக்கேள்வி ஏட்டுக் கேள்வியன்று. அவனுடைய தெருவில் சட்டியும் கட்டமோளமும் ஆண்டு முழுவதும் ஒலிக்கின்றன.

கானாப் பாட்டின் வரலாறும் இங்கே சேர்த்து எண்ணத்தக்கது. சாவு வீட்டின் நீண்ட இரவில் பெஞ்சு, தீப்பெட்டி, அலுமினியக் குண்டான் எனக் கைக்கு எட்டியதெல்லாம் தாளக்கருவியானது. தீப்பெட்டியைத் தட்டிப் பழகிய அந்த மரபிலிருந்தே மேடைக் கலைஞர்கள் வந்தார்கள். 2018 சனவரியில் சென்னையில் முதல் நிகழ்ச்சியை நடத்திய 'தி காஸ்ட்லெஸ் கலெக்டிவ்' குழு, சட்டியையும் கட்டமோளத்தையும் கிட்டாருக்கு அருகில் அமர்த்தியது. சாவு ஊர்வலத்தின் கருவிகள் அரங்கில் பெயர் சொல்லி அழைக்கப்பட்டன.

ஒடுக்கப்பட்டவர்கள் கிடைத்ததைக் கொண்டு கருவி செய்வது உலகெங்கும் உள்ளதுதான். டிரினிடாடில் 1880களில் ஆங்கிலேய அரசு தோல் மேளங்களைக் கட்டுப்படுத்தியது. மக்கள் மூங்கிலைத் தரையில் இடித்துத் தாளமிட்டார்கள். 1930களின் இறுதியில் தகர டப்பாக்களுக்கும், பின்னர் எண்ணெய்ப் பீப்பாய்களுக்கும் வந்தார்கள். அதிலிருந்து பிறந்த 'ஸ்டீல்பேன்' 1992இல் அந்நாட்டின் தேசிய இசைக்கருவியாக அறிவிக்கப்பட்டது. பராகுவேயில் காதேயுராக் குப்பைமேட்டை ஒட்டி வாழும் குழந்தைகள், குப்பையிலிருந்து எடுத்த தகரத்தாலும் மரத்தாலும் செய்த வயலின்களை வாசித்து உலகப் புகழ் பெற்றனர். இரண்டுக்கும் வேறுபாடு உண்டு. காதேயுராவில் ஏற்கெனவே மதிப்புப் பெற்ற கருவியின் வடிவம் குப்பையில் செய்யப்பட்டது. டிரினிடாடிலோ மதிப்பற்றதாகக் கருதப்பட்ட ஓசையே மதிப்புப் பெற்றது. கொடுங்கையூர்க் குப்பைமேட்டின் அருகில் இருக்கும் வியாசர்பாடியைக் காதேயுராவோடு ஒப்பிடுவது எளிது. ஆனால் அதன் வரலாறு டிரினிடாடுக்கே நெருக்கமானது.

இன்று போகி மேளம் மாறிவருகிறது. தோலுக்குப் பதில் பிளாஸ்டிக் தாள் ஒட்டிய மேளங்கள் கடைகளில் நிறைந்துவிட்டன. பனியில் தளராது, நெருப்பில் காட்ட முடியாது. வாங்கிய ஒலியே கடைசிவரை ஒலி. மற்றொரு புறம், டயரும் பிளாஸ்டிக்கும் எரிக்க வேண்டாம் என்று ஆண்டுதோறும் அரசு வேண்டுகிறது. மணலித் தொழிற்சாலைகளின் காற்றைச் சுவாசிக்கும் பகுதிக்கு அந்த வேண்டுகோள் முற்றிலும் தேவையானது. ஆயினும் மேளம் காய்ச்சப் பெருநெருப்பு வேண்டியதில்லை. வீட்டு அடுப்பின் சூடோ நண்பகல் வெயிலோ போதும். புகையை விடலாம், தோலை விட வேண்டியதில்லை.

எழும்பூர் அரசு அருங்காட்சியகத்தின் இசைக்கருவிகளுக்குப் பேராசிரியர் பி. சாம்பமூர்த்தி தொகுத்த விளக்கப் பட்டியல் 1931இல் வெளிவந்தது. அத்தகைய தொகுப்புகளுக்கு நாம் கடன்பட்டிருக்கிறோம். ஆனால் பூவரசம் பீப்பி மாலைக்குள் வாடிவிடும். டப்பா மேளத்தின் பலூன் மூன்று நாளில் கிழியும். இவற்றைப் பேழைக்குள் காக்க இயலாது. செய்யத் தெரிந்த கைகளில்தான் காக்க முடியும். தமிழ்நாட்டின் அரசுப் பள்ளிகளில் 2022இல் தொடங்கிய கலைத் திருவிழாவில் கருவியிசைக்கு இடமிருக்கிறது. கருவி செய்வதற்கும் அங்கே ஓர் இடம் வேண்டும். எல்லாத் தெருக் குழந்தைகளும் சேர்ந்தமர்ந்து, தோலைத் தொட்டு, காய்ச்சி, இறுக்கி, கட்டிப் பழகினால், போகி விடியலில் மட்டும் கிடைக்கும் அந்த உரிமை ஆண்டின் மற்ற நாட்களுக்கும் வந்து சேரும்.