வாத்தியாரும் வழிகாட்டியும்

இத்தலார் மலைச் சரிவுகளில் தேயிலைச் செடி இடுப்பளவுக்கு மேல் நிற்பதைக் காண்பது அரிது. வளரத் தெரியாத செடியல்ல அது. அதன் போக்கில் விட்டால் மரமாகிவிடும். கொழுந்து கைக்கு எட்ட வேண்டுமே என்று கவாத்துச் செய்து நிறுத்தி வைக்கிறோம். அதைப் பார்க்கும்போதெல்லாம் எனக்குப் பரீட்சைக்குப் பிள்ளைகளைத் தயார் செய்யும் டியூஷன் வாத்தியார்களின் ஞாபகம் வரும். அவர்களை நான் குறை கூறவில்லை, கொழுந்தும் வேண்டியதுதான். ஆனால் பயிற்சி கொடுப்பவர் வேறு, வழிகாட்டுகிறவர் வேறு. கணித மேதை ராமானுஜனின் சரித்திரம் இதைத் தெளிவாகக் காட்டுகிறது.

அந்தச் சரித்திரத்தைக் கேம்பிரிட்ஜில் தொடங்க வேண்டும். அங்கே 'டிரைபாஸ்' என்ற கணிதப் பரீட்சையில் தேறியவர்களை முதல்வன், இரண்டாமவன் என்று வரிசைப்படுத்தி வெளியிடுவார்கள். முதலிடம் பிடித்தவனுக்கு ஆயுள் முழுதும் கௌரவம். ஆகவே, பணம் பெற்றுக்கொண்டு பரீட்சைக்குப் பழக்கும் ஆசிரியர்கள் பெருகினார்கள். 1896-இல் அங்கே படிக்க வந்த ஹார்டி, அவர்களில் பெயர்பெற்ற வெப் என்பவரிடம் அனுப்பப்பட்டார். சில நாட்களிலேயே அவருக்குக் கணிதம் கசந்துபோயிற்று. சரித்திரம் படிக்கப் போய்விடலாமா என்றுகூட நினைத்தார். பிறகு லவ் என்ற பேராசிரியரை அடைந்தார். லவ் அவருக்குப் பாடம் சொன்னது சில பருவங்களே. ஆனால் ஜோர்டான் என்ற பிரெஞ்சுக்காரர் எழுதிய நூலைப் படிக்கச் சொன்னார். கணிதம் என்றால் என்ன என்பதை அந்த நூலில்தான் முதன்முதலாக அறிந்ததாக ஹார்டி பிற்காலத்தில் எழுதினார்.

இதே டிரைபாஸ் பரீட்சையின் நிழல் கும்பகோணத்திலும் விழுந்தது. லண்டனில் டியூஷன் சொல்லிக்கொடுத்த கார் என்பவர், தம் பயிற்சிக் குறிப்புகளைத் தொகுத்துச் சுமார் 6,000 முடிவுகள் கொண்ட ஒரு நூலை வெளியிட்டிருந்தார். விளக்கம் குறைவு, நிரூபணம் பெரும்பாலும் இராது. 1903-ஆம் ஆண்டு வாக்கில் அது ராமானுஜன் கைக்குக் கிடைத்தது. வேடிக்கையைப் பாருங்கள்: பரீட்சைக்காகப் பிறந்த புத்தகம், பரீட்சையையே அவருக்கு மறக்கடித்துவிட்டது! மற்றப் பாடங்களைக் கைவிட்டார். உதவித்தொகை போயிற்று. எஃப்.ஏ. தேறவில்லை.

பரிவு காட்டியவர்கள் இல்லாமல் இல்லை. ராமச்சந்திர ராவ் மாதந்தோறும் பணம் கொடுத்தார். ஆயினும், அவருடைய கணிதத்தின் உள்ளே புகுந்து, இது புதிது, இது பழையது, இது தவறு என்று சொல்லக்கூடியவர் கிடைக்கவில்லை. 1913-இல் சென்னைத் துறைமுகக் குமாஸ்தாவாக இருந்தபடி ஹார்டிக்குக் கடிதம் எழுதினார். மறு ஆண்டு கேம்பிரிட்ஜ் சென்றார்.

வந்தவருக்கு நிரூபணம் என்பதே சரியாகப் பழகவில்லை. வரிசையாகப் பாடம் படி என்று கட்டாயப்படுத்தினால் அந்த அபூர்வ ஊற்று அடைபட்டுவிடுமோ என்று ஹார்டி அஞ்சினார். சொல்லாமல் விட்டுவிடவும் முடியவில்லை. அவசியமானதை மட்டும் பக்குவமாகக் கற்பித்தார். தாம் கற்பித்ததைவிடக் கற்றுக்கொண்டதே அதிகம் என்று பின்னர் ஒப்புக்கொண்டார். டியூஷன் வாத்தியாருக்கு இந்தப் பயம் வருவதற்குச் சந்தர்ப்பமே இல்லை. அவர் கண் கேள்வித்தாளின் மேல் இருக்கிறது. வழிகாட்டியின் கண் பையன்மேல் இருக்கிறது.

1920-இல், 32 வயதில் ராமானுஜன் மறைந்தார். இளமையில் இறந்ததைவிட, 18 வயதுக்கும் 25 வயதுக்கும் இடைப்பட்ட காலம் வீணானதே பெரிய துயரம் என்பது ஹார்டியின் கருத்து. அந்த ஏழு வருஷங்களில் அவர் தேறாத பரீட்சைகளின் கணக்கு நம்மிடம் பத்திரமாக இருக்கிறது. அந்தப் பிள்ளைக்கு என்ன வரும் என்று விசாரித்தவர்களின் கணக்குத்தான் மிகச் சிறியது.