அத்தை கொண்டுபோன மசோதா

போன வாரம் மருந்தீஸ்வரர் கோயில் வாசலில் நிறுத்தியிருந்தோம். அங்கிருந்து கடல் பக்கமாகக் கொஞ்சம் நடந்தால் கலாக்ஷேத்ரா. அந்த நாட்டியப் பள்ளியைத் தொடங்கிய ருக்மிணி தேவியை அங்கே பிள்ளைகள் ‘அத்தை’ என்றுதான் கூப்பிடுவார்கள். 1936-இல் அடையாறில் தொடங்கிய பள்ளி, 1962-இல் திருவான்மியூருக்குக் குடிவந்தது. அடவு சொல்லிக்கொடுத்த அந்த ஆசிரியை டெல்லிக்குப் போய்ச் சட்டத்துக்கு வித்திட்ட கதை நம் பேட்டைக்காரர்களுக்கே அதிகம் தெரியாது.

1952-இல் மாநிலங்களவைக்கு நியமிக்கப்பட்ட முதல் 12 பேரில் ஒரே பெண் அவர். அவைத்தலைவர் நாற்காலியில் இருந்தவரும் ஓர் ஆசிரியர்தான், நம் மயிலாப்பூர் ராதாகிருஷ்ணன். கலைக்காக நியமிக்கப்பட்டவர் கையில் எடுத்ததோ விலங்குகளின் வலி.

அப்போது இருந்தது 1890-ஆம் வருஷத்துச் சட்டம். தெருவிலோ நாலு பேர் பார்க்கிற இடத்திலோ மாட்டை வதைத்தால்தான் பெரும்பாலும் குற்றம். சுவருக்குப் பின்னால் நடந்தால் கேள்வியில்லை. பார்ப்பவர் மனம் நோகக்கூடாது என்பதே அதன் கவலை. மாட்டுக்கு நோகிறது என்பதல்ல.

அதை மாற்ற ருக்மிணி தேவி தனிநபர் மசோதா கொண்டுவந்தார். 1954 விவாதத்தில் நேருவே எழுந்து, நோக்கத்தை ஏற்கிறோம், அரசே குழு அமைத்துச் சட்டம் கொண்டுவரும் என்று உறுதி சொன்னார். மசோதாவை ருக்மிணி தேவி திரும்பப் பெற்றார்.

வாக்குறுதியை நம்பி ஆறு வருஷம் காத்திருப்பது லேசானதா? அரைமண்டி ஒழுங்காக உட்கார மாதக்கணக்கில் ஒரு பிள்ளையோடு மல்லுக்கட்டிய பொறுமைதான் அங்கே கைகொடுத்தது என்று நம்புகிறேன். 1960-இல் விலங்கு வதைத் தடுப்புச் சட்டம் நிறைவேறியது. 1962-இல் விலங்கு நல வாரியம் அமைந்தது. முதல் தலைவர் அவரே.

கேட்டதெல்லாம் கிடைக்கவில்லை. மத வழக்கப்படி கொல்வதைச் சட்டம் விலக்கி வைத்தது. ஆய்வுக்கூடச் சோதனைகளுக்கும் இடம் விட்டது. ஒரு ஜீவனை வதைத்த முதல் குற்றத்துக்கு அபராதத்தின் மேல்வரம்பு 50 ரூபாய் என்பதைப் படிக்கும்போதெல்லாம் எனக்கு வயிறெரிகிறது.

1977-இல் குடியரசுத் தலைவர் பதவிக்கு நிற்கச் சொல்லி மொரார்ஜி தேசாய் கேட்டார். வேண்டாம் என்று சொல்லிவிட்டு, 1986 பிப்ரவரியில் மறையும்வரை அத்தை தம் பள்ளியிலேயே இருந்தார். வாரியத்தின் தலைமை அலுவலகமும் நெடுநாள் இங்கே வால்மீகி நகரில்தான் இயங்கியது. சில வருஷங்களுக்கு முன் அதை ஹரியானாவுக்குக் கொண்டுபோய்விட்டார்கள்.