எண்ணெய் தின்னும் கிருமி எங்க போச்சு?

2023 டிசம்பர்ல மிக்ஜாம் வெள்ளத்தோட எண்ணூர் கழிமுகத்துல எண்ணெய் கலந்து, மீனவர்களே அதை வாளியில அள்ளினது ஞாபகம் இருக்கா? அப்போ பழவேற்காட்டுத் தாத்தா ஒருத்தர் கேட்டார்: "இதைத் தின்ற பூச்சி எதுவும் இல்லையா டாக்டரு?"

இருக்கு. 1971லயே உருவாக்கினவர் வங்காளத்துல பிறந்த ஆனந்த மோகன் சக்கரவர்த்தி, அமெரிக்காவோட ஜெனரல் எலெக்ட்ரிக்ல. எண்ணெய்ல இருக்கிற ஒவ்வொரு வேதிப்பொருளையும் ஒவ்வொரு பாக்டீரியா தின்னும். ஒண்ணா விட்டா அதுங்களுக்குள்ள போட்டி. அதனால நாலு பிளாஸ்மிடையும் ஒரே சூடோமோனாஸ் செல்லுக்குள்ள சேர்த்துட்டார். (வார்டுல கிருமிங்க மருந்து எதிர்ப்பைக் கைமாத்திக்கிறதும் பிளாஸ்மிட் வழியாத்தான், பாவிங்க!) 1980ல அமெரிக்க உச்ச நீதிமன்றம் 5-4னு அதுக்குப் பேடன்ட் கொடுக்கலாம்னு சொல்லிருச்சு.

ஆனா அது எந்தக் கடல்லயும் இறங்கவே இல்லை. மரபணு மாத்தின உயிரை வெளிய விடப் பயம். விட்டாலும், லேப்ல கொழுத்த செல்லு உப்பு ஏறி இறங்கற ஏரித் தண்ணில பிழைக்கணுமே.

தாத்தா கைக் கொப்புளத்துக்குக் களிம்பு எழுதிக் கொடுத்தேன்.